சர்ஜரி வீடியோ பாத்து கத்துக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருஷமும் புது பிஜி பசங்க, அதாவது சர்ஜரில மேல்படிப்பு படிக்கிற டாக்டர்கள், யூனிட்டுக்கு வந்த முதல் மாசத்துலயே இதே கேள்விகளைத்தான் கேக்குறாங்க, ரவுண்ட்ஸ் முடிஞ்சு டீ குடிக்கும்போது, நைட் டியூட்டில, சில பேர் தியேட்டர்ல ஸ்க்ரப் பண்ணிட்டு நிக்கும்போதே. திருப்பித் திருப்பி சொல்லி எனக்கே அலுத்துப் போச்சு, அதான் ஒரே இடத்துல டைப் பண்ணி வெச்சிருக்கேன். நான் ஜெனரல் சர்ஜன், அதனால உதாரணம் முக்காவாசி லேப் கோலி பத்தித்தான், அதாவது வயித்துல சின்னத் துளை போட்டு, லேப்ராஸ்கோப்ங்கற கேமராவை உள்ள விட்டு பித்தப்பையை எடுக்குற ஆபரேஷன். ஆர்த்தோ, கண்ணு ஆளுங்க கோச்சுக்காதீங்க, உங்களுக்கும் நடுநடுவுல கொஞ்சம் இருக்கு.

வீடியோ பாத்து சர்ஜரி கத்துக்க முடியுமா முடியாதா, ஒரே வார்த்தைல சொல்லுங்க சார்

ஒரே வார்த்தைல சொல்ல முடியாது, ரெண்டு வாக்கியம் தாங்க. கை கத்துக்காது. கண்ணு கத்துக்கும்.

சித்திரமும் கைப்பழக்கம்னு ஔவையார் சொன்னது தையல் போடுறதுக்கும் பொருந்தும், நூறு வீடியோ பாத்தாலும் முடிச்சு இறுகுறது விரலுக்குத்தான் தெரியும். அதுல சந்தேகமே இல்ல. ஆனா "அப்போ வீடியோவே வேஸ்ட்"னு சொல்ற சீனியர்ஸ் கூடவும் எனக்கு ஒத்துப்போகல, ஏன்னா லேப் கோலில பெரிய தப்பு நடக்குறது கையால இல்ல. 2003-ல சான் ஃபிரான்சிஸ்கோல லாரன்ஸ் வே அப்படின்னு ஒரு சர்ஜனும் அவர் டீமும் 252 பித்தநாள காயங்களை எடுத்து, ஆபரேஷன் நோட்ஸ், வீடியோ எல்லாம் வெச்சு ஒண்ணொண்ணா அலசினாங்க. 97 சதவீதத்துல காரணம் கண்ணு ஏமாந்தது. சர்ஜன் பொதுப் பித்தநாளத்தை (குடலுக்குப் பித்தம் கொண்டு போற பெரிய குழாய், தொடவே கூடாது) பாத்துட்டு சிஸ்டிக் டக்ட்னு (பித்தப்பையை அதோட சேக்குற சின்னக் குழாய், வெட்ட வேண்டியது இதைத்தான்) முழுசா நம்பி, நிதானமா, சுத்தமா, அழகா வெட்டியிருக்காரு. கை நடுங்கி வெட்டினது இல்ல. கைத்திறமை கோளாறு 3 சதவீதம்தான்.

அப்போ கண்ணுக்குப் பயிற்சி எங்க கிடைக்கும்? தியேட்டர்ல, அப்புறம் வீடியோல. அதனாலதான் வீடியோ தப்பா இருந்தா அது சும்மா வேஸ்ட் மட்டும் இல்ல, ஆபத்து, தப்பான கண்ணைப் பழக்கி விட்டுடும்.

நிஜமாவே எல்லாரும் யூடியூப்தான் பாக்குறாங்களா, இல்ல நாங்க மட்டும்தான் சோம்பேறியா?

நீங்க மட்டும் இல்ல, கவலைப்படாதீங்க. அமெரிக்காவுல அயோவா யுனிவர்சிட்டில ஸ்டூடண்ட்ஸ், ரெசிடண்ட்ஸ், ஃபேகல்ட்டி மூணு தரப்புகிட்டயும் கேட்டு 2016-ல ஒரு பேப்பர் போட்டாங்க, 90 சதவீதம் பேர் ஆபரேஷனுக்கு முன்னாடி வீடியோ பாக்குறோம்னு சொல்லியிருக்காங்க, அவங்கள்ல 86 சதவீதம் பேருக்கு யூடியூப்தான். ஃபேகல்ட்டியும் அந்தக் கணக்குல உண்டு, அதை அடிக்கோடு போட்டுக்கோங்க. உங்க சீஃப் "நாங்கல்லாம் புக்கு படிச்சு வந்தோம்"னு சொல்வாரு, சொல்லட்டும், அவர் போன்லயும் ஹிஸ்டரி இருக்கும்.

சரி, ஒரு வீடியோ நல்லதா கெட்டதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும்.

வீடியோல என்ன இருக்குன்னு பாக்காதீங்க, என்னத்த வெட்டி எடுத்துட்டாங்கன்னு பாருங்க. ஒரு லேப் கோலி ஒரு மணி நேரம் நடந்திருக்கும், வீடியோ 6 நிமிஷம் இருக்கும். மீதி 54 நிமிஷம் எங்க போச்சு? போர்ட் போட்டது (கருவி உள்ள விட வயித்துல துளை போடுறது), அட்ஹீஷன் எடுத்தது (உள்ள ஒட்டிக் கிடக்குறதைப் பிரிக்கிறது), லென்ஸ் துடைச்சது, பையில போட்டு வெளிய இழுத்தது, இதெல்லாம் போனா போகட்டும். ஆனா பித்தப்பையைத் தூக்கிப் பிடிச்சதுல இருந்து குழாயை மூடப் போடுற முதல் கிளிப் விழுற வரைக்கும் உள்ள பகுதி இருக்கு பாருங்க, அதுல கத்திரி வெச்சிருந்தா அந்த வீடியோவை மூடிட்டு வேற பாருங்க. அங்கதான் சர்ஜன் முடிவு எடுக்குறாரு, மத்ததெல்லாம் வேலை.

அந்தப் பகுதில என்ன தெரியணும்? 1995-ல ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க்னு ஒரு சர்ஜன் சொன்ன கிரிட்டிக்கல் வியூ ஆஃப் சேஃப்டி, அதாவது வெட்டுறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டே ஆக வேண்டிய காட்சி. மூணே விஷயம். ஒண்ணு, ஹெபட்டோசிஸ்டிக் ட்ரையாங்கிள்ல (சிஸ்டிக் டக்ட், கல்லீரல், கல்லீரல்ல இருந்து வர்ற பித்தக்குழாய் மூணுக்கும் நடுவுல உள்ள முக்கோணம்) இருக்குற கொழுப்பு, நார் எல்லாத்தையும் சுத்தமா எடுத்திருக்கணும், பொதுப் பித்தநாளத்தைத் தோண்டிக் காட்டணும்னு அவசியமே இல்ல. ரெண்டு, பித்தப்பையோட அடிப்பகுதி மூணுல ஒரு பங்கு கல்லீரல்ல இருந்து பிரிஞ்சு, அது ஒட்டியிருந்த இடம், அதாவது சிஸ்டிக் பிளேட், வெள்ளையா தெரியணும். மூணு, பித்தப்பைக்குள்ள போறது ரெண்டே ரெண்டு குழாய், சிஸ்டிக் டக்ட்டும் ரத்தக்குழாயும், ரெண்டு தான், மூணாவது கிடையாது. இதை முன்பக்கமும் காட்டணும், பித்தப்பையைப் புரட்டி பின்பக்கமும் காட்டணும். ஸ்ட்ராஸ்பெர்க் ஆளுங்க இதுக்கு மார்க் போடுற முறையே வெச்சிருக்காங்க, ஒவ்வொண்ணுக்கும் 2 மார்க், மொத்தம் 6, 5 வாங்கினாத்தான் பாஸ்.

இப்போ யூடியூப்ல நீங்க வழக்கமா பாக்குற வீடியோவை எடுத்து கிளிப் விழுறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி நிறுத்திட்டு மார்க் போட்டுப் பாருங்க. நான் பிஜி பசங்களை இதை செய்ய வெப்பேன். முதல் ரெண்டு வீடியோல எல்லாரும் 6 போடுவாங்க, சர்ஜன் பேரு பெருசா இருக்குல்ல. அஞ்சாவது வீடியோ வரும்போது முகம் மாறும். "சார், இதுல பின்பக்கம் காட்டவே இல்லையே." ஆமா காட்டவே இல்ல. 2017-ல அமெரிக்காவுல சர்ஜன்ஸ் இதே வேலையை முறையா செஞ்சு பேப்பரா போட்டாங்க, பொதுவெளில அதிகம் பாக்கப்படுற லேப் கோலி வீடியோக்கள்ல கிரிட்டிக்கல் வியூவை ஒழுங்கா காட்டினது ரொம்ப சொற்பம்தான்.

இன்னொரு சின்ன அடையாளமும் இருக்கு. இடது கை என்ன பண்ணுதுன்னு பாருங்க. பித்தப்பையோட தலைப்பகுதியை அசிஸ்டண்ட் பேஷண்டோட வலது தோளைப் பாத்து மேல தள்ளணும், கழுத்துப்பகுதியை, அதாவது ஹார்ட்மன்ஸ் பௌச்சை சர்ஜனோட இடது கை வலது பக்கமா கீழ இழுக்கணும். அப்படி இழுத்தாத்தான் சிஸ்டிக் டக்ட் பொதுப் பித்தநாளத்துல இருந்து விலகி கோணம் திறக்கும். ரெண்டையும் ஒரே திசையில மேல தூக்கினா ரெண்டு குழாயும் ஒரே கோடு மாதிரி நிமிர்ந்துக்கும், எது முடிஞ்சு எது ஆரம்பிக்குதுன்னே தெரியாது, வே சொன்ன கண்ணு ஏமாற்றம் இங்கதான் பொறக்குது. நல்ல வீடியோல சர்ஜன் வலது கையைப் பத்தி பேசமாட்டாரு, இடது கையைப் பத்தித்தான் பேசிட்டே இருப்பாரு.

அதிக வியூஸ் இருந்தா நல்ல வீடியோதானே?

இல்ல. வியூஸுக்கும் தரத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு பல ஆபரேஷன்ஸ்ல திரும்பத் திரும்ப ஆய்வு வந்துடுச்சு. யோசிச்சா புரியும், சர்ஜரி வீடியோ பாக்குறதுல எத்தனை பேர் சர்ஜன்? மத்தியானம் சாப்பிட்டுட்டு சும்மா ஸ்க்ரோல் பண்றவர் கல்லு கொட்டுறதைப் பாக்கத்தான் கிளிக் பண்றாரு. தம்ப்நெயில்ல பெரிய கல்லு, சிவப்பு அம்புக்குறி, பின்னாடி வயலின், வியூஸ் பிச்சுக்கும். சிஸ்டிக் பிளேட் தம்ப்நெயில்ல வெச்சா எவன் பாப்பான்.

உங்களுக்கே வீடியோவால அடி விழுந்திருக்கா?

விழுந்திருக்கு. நான் செகண்ட் இயர் பிஜி, மறுநாள் காலைல லிஸ்ட்ல ரெண்டாவது கேஸ் லேப் கோலி, "பாதி நீ பண்ணு"ன்னு சீஃப் சொல்லிட்டாரு. சந்தோஷத்துல தூக்கம் வரல, ஒரே வீடியோவை பத்து தடவைக்கு மேல பாத்தேன். மியூசிக் எல்லாம் போட்டு ரொம்ப சுத்தமா இருக்கும், ரத்தமே இருக்காது, மஞ்சளா கொஞ்சம் கொழுப்பு, அதை ஹூக்கால (சூடு வெச்சுப் பிரிக்கிற கொக்கி மாதிரி கருவி) ரெண்டு தட்டு தட்டினா சிஸ்டிக் டக்ட் பளிச்சுன்னு வந்து நிக்கும். கிளிப், கிளிப், கட்.

காலைல உள்ள போய் பாத்தா பித்தப்பை தடிச்சுப் போய் ஓமென்டம் (குடலை மூடியிருக்குற கொழுப்புத் திரை) எல்லாம் ஒட்டிக் கிடக்கு, ரெண்டு மாசம் முன்னாடி அந்த அம்மாவுக்கு பித்தப்பை அழற்சி அட்டாக் வந்து மாத்திரைல அடங்கியிருக்கு. பிரிச்சு பிரிச்சு கொண்டு வந்தோம், ஒரு குழாய் தெரிஞ்சுது, வீடியோல பாத்த அதே சைஸ், அதே வளைவு, எனக்கு சந்தேகமே வரல. "சார், டக்ட் வந்துடுச்சு, கிளிப் போட்டுடலாம்"னேன். சீஃப் ஒண்ணும் சொல்லல. கேமரா பிடிச்சிருந்த ஹவுஸ் சர்ஜன்கிட்ட "கொஞ்சம் பின்னாடி வாம்மா"ன்னாரு, என்கிட்ட "பௌச்சை இடது பக்கம் புரட்டுடா"ன்னாரு. புரட்டினேன். பின்னாடி இன்னொரு குழாய் கல்லீரலுக்குள்ள போயிட்டு இருக்கு. நான் டக்ட்னு சொன்னது சிஸ்டிக் டக்ட்டே இல்ல.

"எந்த வீடியோல பாத்த"ன்னு மட்டும் கேட்டாரு. அவ்ளோதான். அன்னிக்கு சப்டோட்டல் பண்ணிட்டு வெளிய வந்தோம், அதாவது பித்தப்பையோட கழுத்துக்கிட்ட போகாமலே மேல உள்ள பகுதியை மட்டும் எடுத்துட்டு. நான் பாத்த வீடியோல அப்படி ஒரு வழி இருக்குன்னே யாரும் சொல்லல, ஏன்னா நல்லா போன கேஸை மட்டும்தான் ஏத்தியிருந்தாங்க.

டிஸ்கர்ன், ஜாமா, ஜிக்யூஎஸ்னு நிறைய பேப்பர்ல ஸ்கோர் போட்டிருக்காங்களே, அதை நம்பலாமா?

நம்புறதுக்கு முன்னாடி அது எதுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க. டிஸ்கர்ன்ங்கறது 1990-கள் கடைசில இங்கிலாந்துல நோயாளிக்குக் கொடுக்குற சிகிச்சை பத்தின எழுத்துத் தகவலை எடை போட உருவாக்கினது, 16 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 1 முதல் 5 மார்க். ஜாமாங்கற அமெரிக்க மெடிக்கல் ஜர்னலோட அளவுகோல் 1997-ல வந்தது, யார் எழுதினது, ஆதாரம் என்ன, காசு யாரு கொடுத்தா, எப்போ எழுதினது, இந்த நாலே நாலு. ஜிக்யூஎஸ் குடல் அழற்சி நோய் பத்தின வெப்சைட்டுக்காக 2007-ல வந்தது. மூணுமே ஆபரேஷன் வீடியோவுக்குன்னு செஞ்சது கிடையாது.

இதை எடுத்து லேப் கோலி வீடியோவுக்கு வெச்சா என்ன ஆகும்? சர்ஜன் பித்தநாளத்தையே வெட்டினாலும் கீழ பேரு, தேதி, ரெஃபரன்ஸ் போட்டிருந்தா ஜாமால முழு மார்க். அரிசி அளக்குற படியை எடுத்துட்டு போய் துணி அளக்குற கதைதான். ஆனா ஈஸியா பேப்பர் வரும், யூடியூப்ல ஒரு ஆபரேஷன் பேரைத் தேடி, முதல் 50 வீடியோ எடுத்து, ரெண்டு பேர் மார்க் போட்டா முடிஞ்சுது, எத்திக்ஸ் கமிட்டி தொல்லையும் பெருசா கிடையாது, அதான் வருஷா வருஷம் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் இதே பேப்பர் வருது. முடிவும் ஒண்ணுதான், "தரம் குறைவு, கவனமாகப் பார்க்கவும்". தீசிஸ் டாபிக் கேட்டு என்கிட்ட வர்றவங்க தயவுசெஞ்சு இதோட வராதீங்க.

விபிஐன்னு இன்னொண்ணு உண்டு, வீடியோ பவர் இண்டெக்ஸ், லைக் டிஸ்லைக் விகிதத்தையும் ஒரு நாளைக்கு எத்தனை வியூஸ்ங்கறதையும் பெருக்கி வர்ற கணக்கு. 2021 நவம்பர்ல யூடியூப் டிஸ்லைக் எண்ணிக்கையை மறைச்சதோட அதுவும் நொண்டியாயிடுச்சு.

அப்போ சர்ஜரி வீடியோவுக்குன்னே அளவுகோல் எதுவும் இல்லையா?

இருக்கு, லேப் வேகாஸ். சூதாட்ட ஊர் பேரு மாதிரி இருந்தாலும் உருப்படியான விஷயம். 2018-ல வேலரியோ செலென்டானோ தலைமையில கத்துக் கொடுக்குறவங்க, கத்துக்குறவங்க ரெண்டு தரப்பும் உக்காந்து பேசி 37 பாயின்ட் கொண்ட வழிகாட்டியா போட்டாங்க. அப்புறம் அதைச் சுருக்கி 9 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2 மார்க், மொத்தம் 18, 11 இல்ல அதுக்கு மேல வந்தா ஏத்துக்கலாம்னு ஒரு ஸ்கோர் ஷீட் ஆக்கினாங்க.

என்ன கேக்குது அது? சர்ஜன் யாரு, பேஷண்ட் யாரு (பேரு இல்ல, வயசு, என்ன பிரச்சனை, வேற வியாதி), போர்ட் எங்க போட்டாங்க, படிப்படியா விளக்கினாங்களா, அனாட்டமி காட்டினாங்களா, படம் வரைஞ்சு காட்டினாங்களா, பின்னணிக் குரலோ எழுத்தோ இருக்கா, படம் தெளிவா இருக்கா, முக்கியமா ஆபரேஷனுக்கு அப்புறம் பேஷண்ட் என்ன ஆனாங்க. இந்தக் கடைசி ஒண்ணு யூடியூப்ல கிட்டத்தட்ட எங்கயுமே இருக்காது. கட், மியூசிக், நன்றி வணக்கம். அந்த பேஷண்ட் மூணாம் நாள் மஞ்சக்காமாலையோட திரும்பி வந்தாங்களான்னு யாருக்குத் தெரியும்?

ஒரு குறை, குரலோ எழுத்தோ இங்கிலீஷ்ல இருக்கணும்னு எதிர்பாக்குது. சரி, உலகத்துக்கெல்லாம் சேத்து போட்டது, விட்டுடலாம்.

எங்கதான் பாக்குறது, லிங்க் கொடுங்க சார்

லிங்க் வேண்டாம், பேரு போதும். வெப்சர்ஜ், ஃபிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க்ல ஜாக் மாரெஸ்கோ 1994-ல ஆரம்பிச்ச இர்காட்ங்கற சர்ஜரி பயிற்சி நிலையம் நடத்துறது, ரெஜிஸ்டர் பண்ணா இலவசம், வீடியோவை எடிட்டர் பாத்துட்டுத்தான் போடுறாங்க. அமெரிக்காவோட சேஜஸ்ங்கற சர்ஜன்கள் அமைப்புக்கு தனி வீடியோ லைப்ரரி இருக்கு, சேஃப் கோலிசிஸ்டெக்டமி (பித்தப்பையைப் பாதுகாப்பா எடுக்குறது) பத்தி மட்டுமே தனியா பாடம் வெச்சிருக்காங்க, லேப் கோலி தொடுறதுக்கு முன்னாடி அதைப் பாத்தே ஆகணும்னு என் யூனிட்ல சொல்லிடுவேன். ஆர்த்தோ பசங்களுக்கு ஏஓ சர்ஜரி ரெஃபரன்ஸ். நெஞ்சு, இதயம்னா சிடிஎஸ்நெட்.

கண்ணுக்கு வந்தா அவங்க எல்லாரையும் விட முன்னாடி இருக்காங்க, உண்மையை ஒத்துக்கணும். கண் சர்ஜன் உதய் தேவ்கன் கேட்டராக்ட் கோச்ங்கற தன்னோட தளத்துல, கண்புரை ஆபரேஷன் பத்தி தினம் ஒரு வீடியோன்னு போட்டுட்டு வர்றாரு, அதுல எனக்குப் பிடிச்சதே நல்லா போன கேஸ் இல்ல, ரெசிடண்ட் பண்ணி சொதப்பின கேஸை எடுத்து "இங்க பாரு, இந்த இடத்துல கை இப்படி போயிருக்கக் கூடாது"ன்னு நிறுத்தி நிறுத்தி சொல்றது. ஜெனரல் சர்ஜரில அந்தத் தைரியம் இன்னும் வரல.

1.5 ஸ்பீடுல ஓட்டிப் பாக்கலாமா?

போர்ட் போடுற இடத்துல ஓட்டுங்க. ட்ரையாங்கிள்ல ஓட்டாதீங்க. இன்னொரு விஷயம், பல வீடியோ ஏத்தும்போதே வேகமாக்கி ஏத்தியிருப்பாங்க, சொல்லவும் மாட்டாங்க. ஹூக்ல இருந்து வர்ற புகையைப் பாருங்க, அது சட்டுன்னு பறந்து மறைஞ்சா ஸ்பீடு ஏத்தியிருக்காங்கன்னு அர்த்தம். அதைப் பாத்துட்டு "நான் மட்டும் ஏன் இவ்ளோ ஸ்லோ"ன்னு மனசு ஒடைஞ்சு போன பிஜி நிறைய பேரைப் பாத்திருக்கேன்.

ஓப்பன் சர்ஜரி வீடியோ மட்டும் ஏன் இவ்ளோ மோசமா இருக்கு?

லேப்ராஸ்கோப்ல சர்ஜன் பாக்குறதும் நீங்க பாக்குறதும் ஒரே படம், கேமரா உள்ளயே இருக்கு. ஓப்பன்ல கேமரா மேல லைட்டுல தொங்கும், முக்காவாசி நேரம் சர்ஜன் மண்டைதான் தெரியும், மீதி நேரம் அசிஸ்டண்ட் மண்டை. தலைல மாட்டுற கேமரா போட்டா சர்ஜன் தலையை ஆட்டும்போதெல்லாம் பாக்குறவனுக்கு வாந்தி வரும். லைட்டு நேரா விழுறதால நடுவுல வெள்ளையா வெந்து போய் சுத்தி இருட்டா இருக்கும். ஹெர்னியா, தைராய்டு எல்லாம் அதனாலதான் வீடியோல கத்துக்குறது கஷ்டம், அதுக்கு இன்னிக்கும் நல்ல அட்லஸ் படம்தான். கையால வரைஞ்ச படத்துல ரத்தம் இருக்காது, தேவையில்லாதது எதுவும் இருக்காது.

தமிழ்ல ஏன் இந்த மாதிரி வீடியோ இல்ல?

நோயாளிகளுக்குன்னு தமிழ்ல நிறைய இருக்கு. சர்ஜனுக்கு சர்ஜன் சொல்லித் தர்றது குறைவுதான். வேடிக்கை என்னன்னா தியேட்டருக்குள்ள நாங்க கத்துக் கொடுக்குறதே தமிழ்லதான். "மேல தூக்கு, இன்னும், இன்னும், ஆங் அப்படியே பிடி. விடாத. உரி, வெட்டாத, உரி." இதை அப்படியே ரெக்கார்டு பண்ணி ஏத்தினா எந்த இங்கிலீஷ் வீடியோவும் கிட்ட நிக்காது, ஆனா மைக் வெச்ச உடனே எல்லாருக்கும் இங்கிலீஷ் வந்துடுது, "நவ் வி ஆர் டிசெக்டிங்"னு. நானும் அப்படித்தான், என்னையும் சேத்துத்தான் திட்டுறேன்.

நானே வீடியோ எடுத்து ஏத்தலாம்னு இருக்கேன், என்ன கவனிக்கணும்?

முதல்ல லென்ஸ். வெந்நீர்ல போட்டு சூடாக்கிட்டு, ஒயிட் பேலன்ஸ் பண்ணிட்டு உள்ள விடுங்க, இல்லைன்னா பனி மூடின மாதிரி இருக்கும். ரெக்கார்டர்ல சொருகுற பென்டிரைவ் பழைய ஃபேட் 32 ஃபார்மட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைலா நிக்காது, துண்டு துண்டா விழும், எடிட் பண்ணும்போது சேத்துக்கணும். (எங்க வார்டுல ஜிபின்னா பித்தப்பை. "ஜிபி ஃபுல்லா இருக்கு சார்"னு ஒரு தடவை டெக்னீஷியன் சொல்ல, சீஃப் ஸ்கேனைத் தேடினாரு.)

அடுத்து பேஷண்ட். இதுல விளையாடாதீங்க. லேப்ராஸ்கோப் மானிட்டர்ல ஓரத்துல பேஷண்ட் பேரு, ஐபி நம்பர், தேதி ஓடும், அதை மறைக்காம ஏத்தின வீடியோ இன்னிக்கும் கிடக்கு. கேமராவை உடம்புக்குள்ள இருந்து வெளிய எடுத்த உடனே ரெக்கார்டிங்கை நிறுத்துங்க, இல்லைன்னா பேஷண்ட் முகம், நர்ஸ் முகம் எல்லாம் விழும். இந்தியால 2002 மெடிக்கல் கவுன்சில் ஒழுங்குமுறை, அடையாளம் தெரியுற மாதிரி பேஷண்ட் படத்தையோ கேஸையோ அவங்க அனுமதி இல்லாம வெளியிடக் கூடாதுன்னு சொல்லுது. 2023 ஆகஸ்ட்ல என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) புது ஒழுங்குமுறை கொண்டு வந்து, டாக்டர்கள் சோஷியல் மீடியால எப்படி நடந்துக்கணும், ஆபரேஷன் வீடியோ போடுறது எல்லாத்துக்கும் கடுமையா கட்டுப்பாடு போட்டாங்க, அதே மாசமே அதை நிறுத்தியும் வெச்சாங்க. சட்டம் எப்படியோ போகட்டும், ஆபரேஷன் கன்சென்ட்லயே ஒரு வரியை நுழைச்சு கையெழுத்து வாங்காதீங்க. தனியா, தமிழ்ல, உக்காந்து கேளுங்க. வயித்துக்குள்ள எடுத்த படத்தை வெளிநாட்டுல இருக்குறவன்கூட பாப்பான்னு சொல்லிக் கேளுங்க. முக்காவாசி பேர் "படிக்கிற பசங்களுக்குன்னா எடுத்துக்கோங்க சார்"னுதான் சொல்வாங்க. வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான்.

மியூசிக் போடாதீங்க. கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

வீடியோ பாத்து ஒரு சர்ஜன் நல்லவரா இல்லையான்னு சொல்ல முடியுமா?

ஆச்சரியமா இருக்கும், ஓரளவுக்கு முடியும். 2013-ல அமெரிக்காவுல மிச்சிகன்ல ஜான் பர்க்மையர் டீம் 20 பேரியாட்ரிக் (உடல் எடை குறைக்கிற ஆபரேஷன் பண்ற) சர்ஜன்கள்கிட்ட ஆளுக்கு ஒரு கேஸ்ட்ரிக் பைபாஸ் வீடியோ வாங்கி, யாருதுன்னு சொல்லாம மத்த சர்ஜன்ஸை மார்க் போட வெச்சாங்க. கடைசில வந்த கால்வாசி பேரோட பேஷண்ட்ஸ்ல 14.5 சதவீதம் பேருக்கு சிக்கல், முதல்ல வந்த கால்வாசி பேருக்கு 5.2 சதவீதம்தான். அவங்கவங்க தானா தேர்ந்தெடுத்து அனுப்பின வீடியோ அது, தன்னோட நல்ல கேஸைத்தான் அனுப்பியிருப்பாங்க, அப்பவும் காட்டிக் கொடுத்துடுச்சு. ஆனா மார்க் போட்டது அதே ஆபரேஷன் பண்ற சர்ஜன்ஸ். கமெண்ட்ல "சூப்பர் டாக்டர்"னு போடுறவங்க இல்ல.

இனிமே ஏஐ வந்து நல்ல வீடியோ எதுன்னு சொல்லிடும்ல?

வேலை நடக்குது. ஸ்ட்ராஸ்பூர்க்ல 13 சர்ஜன்கள் பண்ண 80 லேப் கோலி வீடியோவை வெச்சு கோலெக் 80ன்னு ஒரு தொகுப்பு 2016-ல வெளியிட்டாங்க, ஆபரேஷன் எந்தக் கட்டத்துல இருக்குன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறதுல இருந்து இப்போ கிரிட்டிக்கல் வியூ வந்துச்சா இல்லையான்னு சொல்ற வரைக்கும் முயற்சி பண்றாங்க. யூடியூப்ல ஒரு பட்டன் மாதிரி வர்ற வரைக்கும் வீடியோவை நிறுத்துற பட்டன் போதும்.

நான் டாக்டர் இல்ல. அடுத்த வாரம் எனக்கு பித்தப்பை ஆபரேஷன். பாக்கலாமா?

அனிமேஷன் பாருங்க, நிஜ வீடியோ வேண்டாம். பயம் தாங்குவீங்கன்னா உங்க இஷ்டம், ஆனா அதுல வர்ற பித்தப்பை உங்களோடது இல்ல, உங்களோடது சுலபமாவும் இருக்கலாம், கஷ்டமாவும் இருக்கலாம். வீடியோ பாக்குற நேரத்துல உங்க சர்ஜன்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "உள்ள ரொம்ப ஒட்டியிருந்தா என்ன பண்ணுவீங்க?" பாதியோட நிறுத்திப்பேன், ஓப்பன் பண்ணுவேன், சீனியரைக் கூப்பிடுவேன், இதுல எதைச் சொன்னாலும் நல்ல பதில்தான். "என்கிட்ட அதெல்லாம் வராது"ன்னு சிரிச்சா கொஞ்சம் யோசிங்க.

வீடியோ பாத்து யாராவது தாங்களே செஞ்சுக்கலாம்னு நினைச்சா, 2018-ல திருப்பூர்ல யூடியூப் பாத்து வீட்லயே பிரசவம் பாத்து ஒரு பொண்ணு செத்துப் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2024 செப்டம்பர்ல பீகார்ல சாரண் மாவட்டத்துல ஒரு போலி டாக்டர் போன்ல வீடியோ ஓடவிட்டுட்டு 15 வயசு பையனுக்கு பித்தப்பை ஆபரேஷன் பண்ணான்னு செய்தி வந்துச்சு, பையன் பிழைக்கல. இதுக்கு மேல அதைப் பத்தி எழுத எனக்கு மனசு வரல.

நாளைக்கு காலைல கேஸ், இப்போ நைட் 11 மணி. ஒரு மணி நேரம்தான் இருக்கு. என்ன பண்றது?

ஒரே ஒரு வீடியோ, எடிட் கம்மியா உள்ளது. முதல் தடவை சவுண்டை மியூட் பண்ணிட்டு பாருங்க, சர்ஜன் என்ன சொல்வாருன்னு நீங்க சொல்லிட்டே வாங்க, வாய்விட்டு, பக்கத்து ரூம்காரன் சிரிச்சா சிரிக்கட்டும். கிளிப்புக்கு முன்னாடி நிறுத்தி ஒரு பேப்பர்ல அந்தப் படத்தை வரைங்க, ரெண்டு குழாய், கல்லீரல், நிணநீர் முடிச்சு. பொதுப் பித்தநாளம் எங்க இருக்கும்னு நினைக்கிறீங்களோ அங்க புள்ளிக்கோடு போடுங்க. அப்புறம் சவுண்ட் வெச்சு ரெண்டாவது தடவை பாத்து எங்கெங்க மாறுதுன்னு குறிச்சுக்கோங்க. மீதி நேரத்துல அந்த பேஷண்டோட அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டைப் படிங்க, சுவர் தடிப்பு எவ்ளோ, கழுத்துல கல்லு மாட்டியிருக்கா, பொதுப் பித்தநாளம் எத்தனை மில்லிமீட்டர், இது யூடியூப்ல கிடைக்காது. காலைல அந்தப் பேப்பரை பாக்கெட்ல போட்டுட்டு வாங்க, கேஸ் முடிஞ்சதும் எடுத்துப் பாருங்க.

அப்புறம் தூங்குங்க. கேமரா பிடிக்கிறவன் தூங்கி வழிஞ்சா ஹொரைசன் சாயும், அதாவது படமே கோணலாயிடும், சீஃப் கிட்ட வாங்கிக் கட்டிக்குவீங்க.